நாற்காலி சொல்லும் வீட்டுப் பாடம்

சண்டிகர் நகரின் அரசு அலுவலகங்களில் ஒரு காலத்தில் பழைய நாற்காலிகள் வேண்டாத பொருள்களாகக் குவிந்து கிடந்தன. தேக்கு மரச் சட்டம், பிரம்புப் பின்னல், கவராயத்தை விரித்து நிறுத்தியது போன்ற கால்கள். இரும்பு நாற்காலிகளும் நுரை மெத்தை இருக்கைகளும் வந்தபின் அவை பழம்பாணி ஆகிவிட்டன; கழிவுப் பொருள்களாக ஏலத்தில் சொற்ப விலைக்குப் போயின. வாங்கிச் சென்ற வெளிநாட்டு வணிகர்கள் அவற்றைச் செப்பனிட்டு ஐரோப்பிய, அமெரிக்க ஏலக் கூடங்களில் வைத்தபோது, அவை இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயின. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு, எஞ்சியவற்றை விற்கக் கூடாதென ஆணையிட வேண்டியதாயிற்று.

ஏலச் செய்தியைக் கேட்டு நாம் வியக்கிறோம். வீட்டு அலங்காரத்தைப் பற்றி எண்ணுவோருக்கு அந்த நாற்காலி பிறந்த விதமே பெரிய பாடம். பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகராக எழுந்தது சண்டிகர். லெ கொர்புசியேயின் உறவினரான பியேர் ஜான்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி, ஊலி சௌத்ரி முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்களுடன் பணியாற்றினார். அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் குடியிருப்புகளுக்கும் பெரும் எண்ணிக்கையில் இருக்கைகள் தேவைப்பட்டன; செலவோ கட்டுக்குள் இருக்க வேண்டும். ஆகவே இங்கே கிடைத்த மரம், இங்குள்ள தச்சர்களின் கைப்பழக்கம், வெயிற்காலத்தில் முதுகுக்குக் காற்று விடும் பிரம்பு ஆகியவை சேர்ந்து அந்த வடிவத்தைத் தந்தன. ‘யார் அமர்வார், எவ்வளவு நேரம் அமர்வார், எந்த வெப்பத்தில் அமர்வார்’ என்ற கேள்விகளே அதனை உருவாக்கின.

இன்று அதே நாற்காலியின் நகல்கள் நாடெங்கும் புதிய மோகமாகிவிட்டன. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நகல்களைப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. எனினும், வடிவத்தை வாங்கி வந்து, அதைப் பிறப்பித்த கேள்வியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவோமாயின், மீண்டும் மோகத்தின் பின்னால் போனவர்களே ஆவோம். தரையில் காலை மடித்து அமர்ந்து கீரை ஆயும் பெரியவர் இருக்கும் வீட்டில், சமையலறையை ஒட்டி உயரமான முக்காலிகளும் கல்மேடையும் அமைத்துப் பயன் என்ன? தாளிக்கும் புகை எட்டும் இடத்தில் வெளிர்சாம்பல் நிறத் திரைச்சீலை எத்தனை மாதம் வெளிராக இருக்கும்?

அமரும் முறையிலிருந்து தொடங்கினால் வீடு தானாகவே தன் முகத்தைக் காட்டும் என்பது நம் கருத்து. குஜராத்தி இல்லங்களில் கூடத்து ஊஞ்சலே வரவேற்பறை. வங்காளத்தில் அகலமான மரக்கட்டிலில் வீட்டார் அனைவரும் அமர்ந்து பேசுவர். கேரளத்தில் திண்ணையில் சாய்வு நாற்காலி. எல்லாருக்கும் மூன்று பேர் அமரும் சோஃபாவும் எதிரே தொலைக்காட்சிப் பலகையும் என்பது பிற்கால வழக்கமே. ஊஞ்சல் விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது: அதற்கான கொக்கியைத் தளம் வார்க்கும்போதே கம்பியோடு பிணைத்துவிடுவது நல்லது. ஃபால்ஸ் சீலிங் அமைத்தபின் அந்த ஆசை பெரும்பாலும் ஆசையாகவே நின்றுவிடும்.

புதுமனை புகுந்தவுடன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடத் துடிப்பது இயல்பு. அதற்கு மாறாக, இன்றியமையாத மின்வேலை, குழாய்வேலை, சமையலறை ஆகியவற்றை மட்டும் முடித்துக்கொண்டு, சில மாதங்கள் வீட்டைக் கவனித்து வாழலாம். காலை வெயில் எந்தச் சன்னலில் விழுகிறது? நாளிதழை யார் எங்கே அமர்ந்து படிக்கிறார்? பிள்ளைகள் பாடம் எழுதுவது தனியறை மேசையிலா, கூடத்துத் தரையிலா? சாவிக்கொத்து ஒவ்வொரு மாலையும் எந்த மூலையில் போய் விழுகிறது? இந்த விடைகளுக்குப் பின் வாங்கும் பொருள் குறைவாகவே இருக்கும், வாங்கியது பயன்படும்.

கடன் வழங்கும் நாமே இதைச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் கணக்கைப் பார்ப்போம். உள்ளலங்காரத்துக்கென ஐந்து இலட்சம் ரூபாயை, எடுத்துக்காட்டாக 12 சதவீத வட்டியில், 60 மாதங்களுக்குக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 11,122 ரூபாய். திருப்பிச் செலுத்தும் மொத்தத் தொகை 6,67,000 ரூபாயைத் தாண்டும். சுவரோடு அறைந்த பிளைவுட் பலகைகளும் அலங்கார விளக்குக் கூரையும் பணிமாற்றல் வரும்போது நம்மோடு வருவதில்லை; தவணை மட்டும் கூடவே வருகிறது. கழற்றி எடுத்துச் செல்லக்கூடிய நல்ல மரக்கட்டிலும் அலமாரியும் அப்படியல்ல. ஆகவே, நிலைத்து நிற்பவற்றுக்கு மட்டும் கடன் பெற்று, ஏனையவற்றுக்கு மாதம் 5,000 ரூபாய் தொடர் வைப்பில் இட்டு வந்தால், ஆண்டுக்கு 60,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருக்கும். ஆண்டுக்கொரு பொருள் என்று பொறுமையாகத் தேர்ந்தெடுக்க அது போதும்.

கடைக்குச் செல்லும் முன் இன்னொரு வேலை உண்டு. பரணிலும் பெற்றோர் வீட்டிலும் உள்ளவற்றைப் பட்டியலிட வேண்டும். பழைய தேக்குச் சாமான்களைத் தட்டிப் பார்க்கலாம். பொள்ளென்ற ஓசையும் மண் தடமும் இருப்பின் கரையான் அரித்திருக்கக்கூடும். உறுதியாக இருப்பின், பழைய வண்ணத்தைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் போட்டாலே அது வேறொரு பொருளாகிவிடும். தாத்தாவின் எழுதுமேசை பிள்ளையின் கணினி மேசையாகலாம். பாட்டியின் பித்தளை அண்டா வாயிலில் குடைகளைத் தாங்கி நிற்கலாம். எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. இடமில்லாத வீட்டில் ஒன்றிரண்டே போதும், மற்றவற்றை உறவினருக்குக் கொடுத்துவிடலாம்.

பிரம்பு நாற்காலி சற்றே தொய்ந்திருப்பின், பின்னலின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் உலரவிட்டால் ஓரளவு இறுகும். அறுந்துபோனால் மறுபடி பின்ன வேண்டியதுதான். நாற்காலி பின்னுதல் நம் நாட்டில் பார்வையற்றோருக்கு நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் தொழில். பழைய நாற்காலியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன், அருகிலுள்ள பார்வையற்றோர் பயிற்சி நிலையத்தில் பின்னுவோர் உண்டா என்று விசாரித்துப் பார்க்கலாம்.