கதவில் ஒட்டிய கல்லறை



2024-ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 31-ஆம் தேதி வந்தது, ஞாபகம் இருக்கா? அதே நாள்தான் ஹாலோவீன். அந்த வருஷம் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்விதான் இந்த மாதப் பாடம்.

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது பல்கலைக்கழகத்திலிருந்து கோலா கங்சாருக்கு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் நடக்கும் சமய வகுப்புக்கு வழக்கம்போல உதவிக்குப் போனேன். தேவாரம் முடிஞ்சதும் நாலாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் போகிற டியூஷன் சென்டரில் ஹாலோவீனுக்காக வகுப்புக் கதவை அலங்கரிக்கிறார்களாம். கறுப்புக் காகிதம், பஞ்சில் இழுத்த சிலந்தி வலை, வௌவால், ஆரஞ்சுப் பூசணி. ஆளுக்கு ஒரு வேலை. இவளுக்குக் கிடைத்தது, அட்டையில் கல்லறை வெட்டி அதன் மேல் ஒரு பேயை ஒட்டுவது.

"அண்ணா, செத்துப் போனவங்க எல்லாரும் பேயாயிடுவாங்களா?"

அவள் தாத்தா அந்த வருஷம்தான் தவறினார். "அப்படியெல்லாம் இல்லம்மா"ன்னு சொல்லிட்டு பேச்சை மாத்தப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அப்போ தாத்தா இப்ப யாரு?"

எனக்கு பதில் தெரியல. இத்தனை வருஷம் சமய வகுப்பில் இருந்தும் ஒரு பத்து வயசுப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து படிச்சேன், பெரியவர்களிடம் கேட்டேன். தெரிஞ்சுக்கிட்டதை உங்களோடு பகிர்கிறேன்.

1. அந்தக் கதவு எங்கிருந்து வந்தது?

ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருக்கிறது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் வேளையில் அங்கே 'சௌவின்' என்ற விழா கொண்டாடப்பட்டது. அந்த இரவில் இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவே உள்ள கதவு திறந்துகொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவம் பரவியது. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் நாளாக நிலைபெற்றது. அதற்கு அடுத்து நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களுக்காக வேண்டிக்கொள்ளும் நாளானது. புனிதர் நாளுக்கு முந்தைய மாலை என்பதுதான் ஹாலோவீன் என்ற பெயரின் பொருள்.

இங்கிலாந்தில் அந்த நாள்களில் ஏழைகள் வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் அவர்களுக்குச் சின்னச் சின்னக் கேக்குகள் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். இன்றைக்குப் பிள்ளைகள் மிட்டாய் கேட்டுக் கதவு தட்டும் பழக்கத்துக்கு இது ஒரு முன்னோடி. இறந்தவர் பெயரில் உணவு கொடுப்பது நமக்கும் தெரிந்த விஷயம்தானே?

பூசணி பின்னால் வந்தது. அயர்லாந்தில் முதலில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்தார்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான அயர்லாந்து மக்கள் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே விளைந்த பூசணி பெரிசு, குடைவதும் சுலபம். விளக்கு அதற்குள் மாறிவிட்டது.

பஞ்சம், கப்பல், புது மண், கூடவே கொண்டுபோன சடங்கு. இந்தக் கதை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்றும் நம்ம கோலா கங்சார் டவுனில் நிற்கிறது. அந்த மரத்துப் பாலுக்காகத்தான் நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். அவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. லயத்து வீட்டு வாசலிலும் கோலம் போட்டார்கள், மாவிலை கட்டினார்கள்.

2. நம் வாசல் என்ன பேசுகிறது?

கதவு அலங்காரத்தில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் 'ஏன்?' என்று கேட்டால் தடுமாறுகிறோம்.

மாவிலையை எடுத்துக்கொள்வோம். "மாவிலை பறித்த பிறகும் ஆக்சிஜன் விடும், அதனால்தான் முன்னோர்கள் கட்டினார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷா வருஷம் சுற்றும். பொறியியல் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதை மேடையில் சொல்லாதீர்கள். பறித்த இலை வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் ஒளிச்சேர்க்கை செய்யும், உண்மைதான். ஆனால் நிலையில் கட்டும் பத்துப் பதினைந்து இலை ஒரு வீட்டுக் காற்றை மாற்றாது. நம் வழக்கத்துக்குப் பொய்யான அறிவியல் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பூரண கும்பத்தைப் பாருங்கள். குடத்தில் நீர், வாயைச் சுற்றி மாவிலை, மேலே தேங்காய். தெய்வத்தை எழுந்தருளச் செய்யும் அந்தக் கும்பத்தில் இருக்கும் அதே இலையை வாசலிலும் கட்டுகிறோம். 'இந்த வீட்டுக்குள் வருகிறவரைத் தெய்வத்தை வரவேற்பதுபோல் வரவேற்போம்' என்று அந்தக் கதவு சொல்கிறது.

அடுத்தது தென்னங்குருத்துத் தோரணம். கல்யாண வீட்டுத் தோரணத்தில் நான்கு குருவிகள் மேல் நோக்கி இருக்கும். இழவு வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிகள் கீழ் நோக்கி இருக்கும். யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். தெருவில் வருகிறவன் தோரணத்தைப் பார்த்தே வீட்டில் நடப்பது மங்கலமா துக்கமா என்று தெரிந்துகொள்வான். இந்தத் தோரணம் பின்னத் தெரிந்தவர் உங்கள் தாமானில் யார் இருக்கிறார்? எங்கள் பக்கத்தில் கேட்டபோது எல்லாரும் வயதானவர்களைத்தான் கைகாட்டினார்கள்.

'நம்முடையது அழகு, அவர்களுடையது பயங்கரம்' என்று சொல்லிவிடவும் முடியாது. நம் வாசலிலும் பயமுறுத்தும் முகம் உண்டு. கோயில் கருவறை வாசலில் நிற்கும் துவாரபாலகர்களைப் பாருங்கள்: கோரைப்பல், உருட்டிய கண், கையில் கதை. புது வீடு கட்டும்போது வெள்ளைப் பூசணியில் அரக்க முகம் வரைந்து தொங்கவிடுகிறோம், கண் திருஷ்டிக்கு. அயர்லாந்துக்காரர் குடைந்த முகமும் தீயது அண்டாமல் இருக்கத்தான். கடல் கடந்து இரண்டு ஜனங்கள் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

வாசல் என்பது உள்ளும் இல்லை, வெளியும் இல்லை. அதனால்தான் உள்ளேயும் வெளியேயும் சாகாத வரம் வாங்கிய இரணியனை நரசிம்மர் வாசற்படியில் வைத்து முடித்தார். அப்படிப்பட்ட இடத்தில் காவலும் வேண்டும், வரவேற்பும் வேண்டும். துவாரபாலகர் காவல், மாவிலை வரவேற்பு. தீயதை வெளியே நிறுத்தத்தான் அந்தக் காவல். நம் வீட்டில் இறந்தவர்களை அது ஒருநாளும் வெளியே நிறுத்தியதில்லை.

3. தாத்தா இப்ப யாரு?

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

'பிரேதம்' என்றாலே நமக்குப் பயம். ஆனால் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'இங்கிருந்து சென்றவர்' என்பதுதான். ஒருவர் இறந்ததும் உடனே முன்னோர் வரிசையில் சேர்ந்துவிடுவதில்லை. அவர் பயணத்தில் இருக்கிறார், வீட்டார் பிண்டமும் நீரும் கொடுத்து வழியனுப்புகிறார்கள். சபிண்டீகரணம் என்ற கிரியையில் அவருக்கான பிண்டத்தை அவருக்கு முந்திய மூன்று தலைமுறையினரின் பிண்டங்களோடு சேர்க்கிறார்கள். அதோடு அவர் பிதிர் ஆகிவிடுகிறார். நம் வீடுகளில் நடக்கும் கருமக்கிரியைக்குப் பின்னால் இருக்கும் கருத்து இதுதான்.

திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில், 43-ஆவது குறளை எடுத்துப் படியுங்கள். குடும்பத்தில் இருப்பவன் பேண வேண்டிய ஐந்து பேரை வள்ளுவர் வரிசைப்படுத்துகிறார். முதலில் வருபவர்கள் தென்புலத்தார், அதாவது முன்னோர். தெய்வமும் விருந்தினரும்கூட அவர்களுக்குப் பிறகுதான்.

புரட்டாசியில் மகாளய பட்சம் வருகிறது. 2024-இல் மகாளய அமாவாசை அக்டோபர் 2. அதற்கு நான்கு வாரம் கழித்துத் தீபாவளி. இந்த நாட்டில் நம் வீடுகளில் தீபாவளிக்கு முதல் நாள் என்ன செய்கிறோம்? படையல் போடுகிறோம். வாழையிலை விரித்து, இறந்தவர் படத்துக்கு மாலை போட்டு, அவருக்குப் பிடித்ததை வைக்கிறோம். என் தாத்தா பால் மரம் வெட்டியவர். அவருக்கு இன்னும் கட்டங்காப்பியும் ரொட்டியும்தான் வைக்கிறோம். படையல் போட்டுக் கொஞ்ச நேரம் எல்லாரும் வெளியே வந்து நிற்போம், அவர் சாப்பிடட்டும் என்று.

நம் அண்டை வீட்டுச் சீனர்களும் செங் பெங் நாளில் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து உணவு படைக்கிறார்கள். மெக்சிகோவில் நவம்பர் 1, 2-இல் இறந்தவர் படம் வைத்து, செண்டுமல்லிப் பூ போட்டு, அவருக்குப் பிடித்த சாப்பாடு வைக்கிறார்கள். நம் படையலைப் பார்த்த மாதிரியே இருக்கும்.

அதனால் அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளையிடம் இப்படிச் சொன்னேன்: "தாத்தா பேய் இல்லம்மா. அவர் உங்க வீட்டு விருந்தாளி. படையல் அன்னைக்கு அவருக்கு என்ன பிடிக்கும்னு நீ அம்மாவுக்கு ஞாபகப்படுத்து."

"குவே தெரத்தை"ன்னு உடனே சொன்னாள்.

4. அப்போ தடுக்கணுமா?

இதைக் கேட்ட ஒரு நண்பன், "உடனே அந்த சென்டருக்குப் போய்ப் புகார் கொடுக்கணும்டா"ன்னு சொன்னான். நான் ஒத்துக்கல.

2020 ஜனவரியில் பூச்சோங்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நடந்ததை நினைச்சுப் பாருங்க. சீனப் புத்தாண்டுக்காகத் தொங்கவிட்ட அலங்காரங்கள் சமயம் சார்ந்தவை என்று ஓர் அரசியல் கட்சிக்காரர் புகார் எழுதினார். பள்ளி அவற்றைக் கழற்றியது. பிறகு அப்போதைய துணைப் பிரதமர் டத்தோஸ்ரீ டாக்டர் வான் அசிசாவும் சில அமைச்சர்களும் நேரில் போனார்கள், அலங்காரம் திரும்ப ஏறியது. அன்றைக்கு நம்மில் பலர் அந்தப் பள்ளியின் பக்கம்தான் பேசினோம். நாளைக்கு நம் கோலத்தையும் தோரணத்தையும் யாராவது கழற்றச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? இன்னொருவர் கதவில் இருப்பதைக் கிழிக்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

ஆனால் ஒரு பிள்ளைக்கு மனசு ஒப்பாத வேலையை மாற்றிக் கொடுக்கச் சொல்வது புகார் இல்லை. அவள் அம்மா டீச்சரிடம் பக்குவமாகப் பேசினார். வீட்டில் துக்கம் என்று டீச்சருக்குத் தெரியாது. தெரிந்ததும் வருத்தப்பட்டு, அவளுக்கு நிலாவும் நட்சத்திரமும் வெட்டும் வேலையைக் கொடுத்தார். ரெண்டு நிமிஷப் பேச்சில் முடிந்த விஷயம்.

ஹாலோவீன் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பேசுவது சுலபம். அந்த டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குக் கத்தரிக்கோலும் பசையும் கொடுத்து ஒரு கதவையும் கொடுத்தார்கள். நாம் நம் வகுப்பில் அவர்களுக்கு என்ன கொடுத்தோம்? 'தொடாதே, அழுக்காக்காதே' என்பதைத் தவிர?

5. செய்து பார்ப்போம்

அந்த மாதமே எங்கள் சமய வகுப்புக் கதவைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தோம். உங்கள் கிளையிலும் செய்யலாம்.

- முதல் வாரம்: ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் 'வாசலில் இதை ஏன் கட்டுறோம்?' என்று கேட்டு ஒரு பதிலாவது எழுதி வர வேண்டும்.
- இரண்டாம் வாரம்: தோரணம் பின்னத் தெரிந்த பாட்டியையோ தாத்தாவையோ வகுப்புக்கு அழையுங்கள். குருவி மடிப்பதைப் பிள்ளைகளே செய்யட்டும். முதல் குருவி கோணலாகத்தான் வரும், பரவாயில்லை.
- மூன்றாம் வாரம்: கதவை அலங்கரியுங்கள். கதவுக்கு நடுவில் பூரண கும்பம் இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் கும்பத்துக்குப் பதிலாக நம்ம ஊர் லாபு சாயோங்கை வரைந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங்கில் செய்யும் அந்தக் கறுப்பு மண்கூஜாவுக்குச் சுரைக்காய் வடிவம். மேலே மாவிலையும் தேங்காயும் வைத்தால் கும்பமேதான்!
- நான்காம் வாரம்: கதவைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பிள்ளைகளே விளக்கம் சொல்லட்டும். சொல்லத் தெரியாத ஒன்றைக் கதவில் ஒட்டக் கூடாது. இது ஒன்றுதான் விதி.

6. கலந்து பேச

1. ஆன்மா மறுபிறவி எடுக்கிறது என்றும் நம்புகிறோம், முன்னோருக்குப் படையலும் போடுகிறோம். இரண்டையும் எப்படிப் பொருத்திப் புரிந்துகொள்வது?
2. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் மாவிலை போதுமா? மாமரம் இல்லாத அடுக்குமாடி வீட்டில் என்ன செய்யலாம்?
3. உங்கள் பள்ளியிலோ வேலையிடத்திலோ மனசு ஒப்பாத அலங்காரத்தில் சேரச் சொன்னால், யாரையும் நோகடிக்காமல் எப்படிச் சொல்வீர்கள்?
4. இந்தத் தீபாவளிப் படையலில் யாருக்கு என்ன வைக்கப் போகிறீர்கள்? தெரியவில்லை என்றால் இன்றைக்கே அம்மாவிடம் கேளுங்கள்.

அந்தப் பிள்ளை வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடவில்லை, புதுத்துணி இல்லை. படையல் மட்டும் போட்டார்கள். இலையில் குவே தெரத்தையை வைத்தது அவள்தானாம். படத்துக்கு நேரா வைக்கணும்னு ரெண்டு தடவை நகர்த்தி வைத்தாளாம், அவள் அம்மா சொன்னார்.