தேய்ந்த ரப்பர் புஷ்ஷை நாமே மாற்றுவோம்

பொழுது புலருமுன் மரம் சீவப் புறப்படும் தொழிலாளர்க்கும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் பெற்றோர்க்கும் மோட்டார் சைக்கிள் இன்றியமையாத வாகனமாகும். தோட்டத்து மண்பாதையில் குலுங்கிய அதே வண்டி, சிறிது நேரத்தில் மேரு சாலையில் கனரக லாரிகளுக்கு நடுவே ஓடவேண்டியுள்ளது. அங்கே அதன் பின்புறம் ஆடினால் ஆபத்து நம் உயிருக்கே. அந்த ஆட்டத்திற்குக் காரணம் பல வேளைகளில் ஒரு சிறு ரப்பர்த் துண்டுதான்.

புஷ் என்பது யாது?

வண்டியின் பின்புறத்தில் இருபக்கமும் உள்ள அதிர்வு தாங்கிகளின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொரு வளையம் உண்டு. அவ்வளையத்தினுள் பொருந்தியிருக்கும் ரப்பரே புஷ். இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது இதன் பணி.

இது பெரும்பாலும் நாம் சீவும் மரத்தின் பாலிலிருந்து உருவாவதே. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். அவ்வாறு பதமான இயற்கை ரப்பர், ஓயாமல் வளைந்து நெளிந்தாலும் எளிதில் கிழிவதில்லை. 1925-இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், மேருவுக்கு வெகு தொலைவில் இல்லாத சுங்கை பூலோவில் பல்லாண்டுகள் ஆய்வுத் தோட்டம் நடத்தியதை மூத்தோர் அறிவர்.

தேய்வை அறிவது எப்படி?

பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக் டொக்’ என்னும் ஓசை கேட்கும். வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி அதிர்வு தாங்கியைக் கையால் அசைத்தால் முனைகள் ஆடும். ரப்பரில் வெடிப்புத் தெரியும். அதிர்வு தாங்கியில் எண்ணெய் கசிந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. சக்கரமே பக்கவாட்டில் ஆடினால் பழுது வேறிடத்தில் உள்ளது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்க.

மாற்றும் முறை

1. சமதளத்தில் நடுத்தாங்கியிட்டு நிறுத்துக. புகைக்குழாய் ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

2. ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைக் கழற்றுக. அப்போதுதான் மற்றது சக்கரத்தைத் தாங்கி நிற்கும். நட்டு, வாஷர் ஆகியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு மங்கில் இட்டு வைக்கலாம்.

3. பழைய புஷ்ஷின் ஒருபுறம் அதனினும் சற்றுச் சிறிய இரும்புக் குழாயையும், மறுபுறம் பெரிய குழாயையும் வைத்து, வைஸில் இறுக்கினால் அது வெளியேறும். தீயிட்டு எரித்தல் கூடாது, அப்புகை நஞ்சாகும்.

4. வளையத்தின் துருவை மணல்தாளால் தேய்த்துத் துடைக்கவும்.

5. புதிய புஷ்ஷில் சோப்பு நீர் தடவி, வைஸினால் நேராக அழுத்திப் புகுத்துக. கிரீஸோ இஞ்சின் எண்ணெயோ தடவலாகாது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி மிருதுவாகி விரைவில் அழியும்.

6. எல்லாவற்றையும் பொருத்தியபின் நட்டுகளை முதலில் இலேசாக முடுக்குக. வண்டியைத் தரையில் இறக்கி, ஒருவரை அமரச் செய்து, பின்னர் இறுதியாக முடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கப்பட்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

இருபக்கப் புஷ்களையும் ஒரே வேளையில் மாற்றுவதே முறை. பின்னர்த் தோட்டத்தினுள் மெதுவாக ஓட்டிப் பார்த்து, நட்டுகளை மீண்டும் சோதித்த பிறகே பெருஞ்சாலைக்குச் செல்லுதல் நன்று.

மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் சீவத் தெரிந்த கைக்கு இவ்வேலை கடினமன்று. அதே பொறுமையோடு செய்தால், நம் உழைப்பில் விளைந்த ரப்பரே நம்மையும் பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளையையும் காக்கும்.