வலிக்காத வீக்கம்

கால் வீங்கியிருக்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், ஜொகூரின் கூலாயில் அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் "வலிக்குதா?" என்பதுதான். இல்லை என்று பதில் வந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாள் முழுக்க நின்ற கால், வயதான கால், கொஞ்சம் நீர் இறங்கியிருக்கிறது, தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். நானாக இருந்தால் வலியைப் பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவேன். எந்த வீக்கத்தை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதை வலியும் சொல்வதில்லை, வீக்கத்தின் அளவும் சொல்வதில்லை. ஒரு காலா இரண்டு காலா, எத்தனை நாளில் வந்தது, அதோடு உடம்பில் வேறென்ன மாறியிருக்கிறது என்று விசாரித்தால்தான் விஷயம் பிடிபடும்.

வலியை நம்பக் கூடாது என்பதற்கு நம் சமூகத்திலேயே வலுவான காரணம் இருக்கிறது. மலேசிய சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய தேசிய ஆய்வில், பதினெட்டு வயதைத் தாண்டியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு. பல ஆண்டுகள் கட்டுக்கடங்காத சர்க்கரை பாத நரம்புகளை மரக்கச் செய்துவிடும். அப்படி மரத்த பாதத்தில் எலும்பு விரிசல் விட்டாலும் பெரிய வலி தெரியாது. பாதம் சிவந்து, சூடேறி, வீங்கும், அவ்வளவுதான். சார்கோ பாதம் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நிலையைச் சுளுக்கு என்றோ யூரிக் அமிலக் கோளாறு என்றோ நினைத்துக்கொண்டு நடந்தபடியே இருந்தால், எலும்புகள் நொறுங்கி, பாத வளைவு சரிந்து, புண் விழுந்து, சிலருக்குக் காலையே எடுக்கும் அளவுக்குப் போய்விடும். இனிப்புநீர் உள்ளவர் இரண்டு பாதத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். ஒன்று மற்றதைவிடச் சூடாகவும் வீங்கியும் இருந்தால் அந்தக் காலை ஊன்றாமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து, சிவப்பு மேலே ஏறி, காய்ச்சலும் சேர்ந்தால் அதற்கும் இதே அவசரம்தான். வெந்நீரில் காலை ஊற வைக்கும் வைத்தியம் இவர்களுக்கு ஆகவே ஆகாது. மரத்த கால் வெந்து போனாலும் சொல்லாது.

இதற்கு வரும் எதிர்வாதம் நியாயமானது. செனாய், இண்டாபுரா தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலை பார்ப்பவர்களுக்கும், காவல் வேலையில் நிற்பவர்களுக்கும், விடியுமுன் கிளம்பி சிங்கப்பூர் போய்த் திரும்புகிறவர்களுக்கும் கால் வீங்காமல் வேறென்ன செய்யும்? உண்மைதான். கெண்டைக்கால் தசைதான் கால் இரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. அசையாமல் நின்றாலும் உட்கார்ந்தாலும் அது ஓய்ந்துவிடும். இரண்டு காலும் ஒரே அளவில் மாலையில் வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் "காலையில் வடிந்துவிட்டது" என்பதையே விடுதலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். இதயம் பலவீனப்படத் தொடங்கும்போதும் படுத்தால் வீக்கம் குறையும். காலில் தேங்கிய நீர் இரவில் இரத்தத்துக்குத் திரும்பும்; சிறுநீரகத்துக்குப் போனால் பலமுறை எழுந்து கழிப்பறைக்கு நடக்க வைக்கும், நுரையீரலில் தேங்கினால் மூச்சுமுட்டி எழுந்து உட்கார வைக்கும். ஆகவே காலைப் பார்ப்பதோடு இரவையும் விசாரிக்க வேண்டும். ஒரு தலையணை இரண்டு மூன்றாகியிருக்கிறதா? படுத்தால் இருமல் வருகிறதா? மாடிப்படி ஏறுவது போன மாதத்தைவிடச் சிரமமாக இருக்கிறதா? காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, பசியாறுவதற்கு முன் எடை பார்த்து எழுதி வைப்பது நல்ல பழக்கம். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க முடியாது, தண்ணீர்தான்.

சிறுநீரகமோ இன்னும் அமைதியாகக் கெடும். காலையில் கண் இமை உப்பியிருப்பது, சிறுநீரில் நுரை நின்று கலையாமல் இருப்பது ஆகியவை கால் வீக்கத்தோடு சேர்ந்து வந்தால் புரதம் ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும். மலேசியாவில் 2018-இல் நடந்த ஆய்வு ஒன்று, பெரியவர்களில் 15 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமானோருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகக் கண்டது. அவர்களில் தங்கள் நோயைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் வெறும் 5 விழுக்காடு. மீதி 95 விழுக்காட்டினரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? வலி இல்லை, சாப்பாடு இறங்குகிறது, நன்றாகத்தான் இருக்கிறேன் என்றுதானே சொல்லியிருப்பார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கினால் கணக்கே வேறு. அறுவைச் சிகிச்சை, மாவுக்கட்டு, நீண்ட படுக்கை, புற்றுநோய்ச் சிகிச்சை, பிரசவம், நெடுந்தூர விமானப் பயணம் இவற்றுக்குப் பிறகு கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் தடித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். தையல் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். வித்தியாசம் குறைவாக இருப்பதால் மட்டும் ஆபத்தில்லை என்றும் ஆகிவிடாது. இங்கே நம் கைப்பழக்கம்தான் எதிரி: எண்ணெய் போட்டு நீவிவிடக் கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம் இவற்றில் எது வந்தாலும் கார் வைத்திருக்கும் உறவினரைத் தேடிக்கொண்டிருக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வார்த்தை. இருபது வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ சேர்ந்தால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது.

மருந்தே வீக்கத்துக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. இரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். 5 மில்லிகிராமில் குறைவு, 10 மில்லிகிராமில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும். இதைக் கேள்விப்பட்டவுடன் மாத்திரையைத் தாங்களாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கால் வடியும், கொதிப்பு சத்தமில்லாமல் ஏறும். அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் டாக்டர் செய்ய வேண்டிய வேலை. பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணி மாத்திரை இந்த வீக்கத்துக்குப் பெரிதாக உதவாது. மூட்டு வலிக்கு வாங்கிப் போடும் பொன்ஸ்தான், வோல்டாரன் வகைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஜாமு என்னும் பாரம்பரிய மூலிகை மருந்து விஷயத்தில் எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலந்த ஜாமுகளைப் பற்றி நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். மந்திரம் போட்டதுபோல் வலி போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் நெடுநாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள். பார்லித் தண்ணீரோடும் மூக்கிரட்டைக் கீரையோடும் எனக்குச் சண்டை இல்லை, அவை டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடும் சாக்காக ஆகாதவரை.

அரசாங்க கிளினிக்கில் அரை நாள் போய்விடும், ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்பார்கள். மறுக்க மாட்டேன். பதிவுக்கு ஒரு வெள்ளிதான் என்றாலும் தினக்கூலிக்காரருக்கு உண்மையான செலவு அந்த அரை நாள்தான். அதனால்தான் எல்லா வீக்கத்துக்கும் ஓடச் சொல்லவில்லை. இன்னொரு தயக்கம் யாரும் வெளியே சொல்லாதது: போனால் டயாலிசிஸ் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். புரத ஒழுக்கை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு நேரமில்லாமல் போவது தாமதமாக வருகிறவர்களுக்குத்தான். போகிறவர் ஒன்றைக் கவனிக்கட்டும். கிளினிக்கில் காலை நேரத்தில்தான் காலைப் பார்ப்பார்கள், வீக்கமோ மாலையில்தான் தெரியும். முந்தின நாள் மாலையில் கணுக்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்தி, எடுத்தபின் குழி நிற்கிறதா என்று பார்த்து, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகள், ஜாமு, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். சிறுநீரையும் சோதியுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.