பேரிடர் காலத்தில் படையின் பணி

படை என்றதும் போர்க்களமே நம் நினைவில் எழும். ஆயினும் நிலநடுக்கமும் புயலும் தாக்கும்போது அயல்நாட்டுப் படைகளும் உதவிக்கு விரைகின்றன. சாலையும் மின்சாரமும் மருத்துவமனையும் ஒருசேர அழிந்த இடத்தில், தமக்கு வேண்டிய அனைத்தையும் தாமே கொண்டுசென்று உடனே பணி தொடங்கும் ஆற்றல் படைக்கு உண்டு.

2023 பிப்ரவரி 6இல் துருக்கியில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தது. இந்திய இராணுவ மருத்துவக் குழுவினர் விமானப்படை விமானங்களில் சென்று, இஸ்கெண்டெருன் நகரில் 30 படுக்கைகளுடன் மருத்துவமனை அமைத்தனர். இரு வாரங்களுக்குள் 3,500க்கும் மேற்பட்டோர் அங்கே சிகிச்சை பெற்றனர்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2008 மே மாதம் மியான்மரை நர்கீஸ் புயல் தாக்கியது. இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,38,000 பேர். அமெரிக்க, பிரெஞ்சுக் கடற்படைக் கப்பல்கள் நிவாரணப் பொருள்களுடன் கடலில் காத்து நின்றன. அயல்படையை ஐயுற்ற அந்நாட்டு இராணுவ அரசு அவற்றைக் கரைக்கு வர விடவில்லை. கப்பல்கள் அங்குப் பொருள்களை இறக்காமலே அகன்றன.

இத்தகைய ஐயம் எழாதிருக்கவே 1994ஆம் ஆண்டின் ஆஸ்லோ நெறிமுறைகள் சில வரம்புகளைக் கூறுகின்றன. அவையாவன:

1. உதவி பெறும் நாட்டின் இசைவு வேண்டும்.
2. படைசாரா அமைப்புகளால் இயலாதபோதே படையை நாடுதல் வேண்டும்.
3. படையினர் பொதுவாக ஆயுதமின்றிப் பணிபுரிதல் வேண்டும்.
4. உதவி பெறும் நாட்டிடம் கட்டணம் பெறலாகாது.

கப்பலும் விமானமும் எத்துணை இருப்பினும், நம்பிக்கை இல்லையேல் அவை துயருற்றோரைச் சென்றடைவதில்லை. ஆகவே, அந்நம்பிக்கையை அமைதிக் காலத்திலேயே தேடிக்கொள்ளுதல் நாடுகளின் கடமையாகும்.