எட்டு லட்சத்தைக் கட்டாதே

அன்புத் தங்கைக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். இங்கிலாந்துக்கு ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தருகிறோம், எட்டு லட்சம் ஆகும், பாதியை முதலில் கட்டு என்கிறதாம் அந்த கன்சல்டன்சி. அம்மாவின் வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். ஸ்பான்சர் என்பது உன்னை வேலைக்கு எடுக்கும் ஆஸ்பத்திரிதான்; இடையில் இருப்பவரிடம் விற்க ஒன்றுமில்லை. ஸ்பான்சர்ஷிப் சான்றான சி.ஓ.எஸ்.ஸுக்கான கட்டணத்தை நர்ஸ் தலையில் கட்டக் கூடாது என்று 2024 டிசம்பர் 31 முதல் இங்கே இங்கிலாந்தில் விதியே இருக்கிறது. வேலை வாங்கித் தருவதற்கு நர்ஸிடம் காசு வாங்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசின் நடத்தை விதிகளும் சொல்கின்றன. நம் நாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு உண்டா என்று இந்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பார்.

அப்படியானால் எட்டு லட்சத்துக்கு எதைத்தான் விற்கிறார்கள்? இங்கே வந்து மாட்டிக்கொண்ட பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும்: பெரும்பாலும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் கேர் வேலை. "முதலில் உள்ளே போய்விடு, நர்ஸ் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். எந்த வேலை என்பதை சி.ஓ.எஸ்.ஸிலேயே கண்டுபிடிக்கலாம். அது சீல் குத்திய காகிதம் இல்லை. பிரிட்டிஷ் உள்துறையின் கணினியில் இருக்கும் பதிவு. உன் கைக்கு வருவது ஓர் எண்ணும் விவரங்களும். அதில் சம்பளத்தைப் பார்க்கும் முன் நான்கு இலக்க வேலைக் குறியீட்டைப் பார். நர்ஸ் வேலைகளின் குறியீடு 22-ல் தொடங்கும். 6135 என்று இருந்தால் அது கேர் ஒர்க்கர் வேலை. 2025 ஜூலை 22 முதல் அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கவே முடியாது. இன்னமும் அதைக் காட்டிப் பணம் கேட்பவர் உன்னை ஏமாற்றுகிறார்.

நேர்வழி கொஞ்சம் நீளம்தான். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும்; அதற்குப் பதில் ஓ.இ.டி.யும் எழுதலாம். பிறகு சி.பி.டி. என்ற கணினித் தேர்வு. சென்னையில் நம் நர்ஸிங் கவுன்சிலின் சரிபார்ப்புக்கு விண்ணப்பிப்பதைத் தள்ளிப்போடாதே. இவை கையில் இருந்தால் என்.எச்.எஸ். ஆஸ்பத்திரிகளுக்கு நீயே நேராக விண்ணப்பிக்கலாம். சி.ஓ.எஸ். வந்தால் மூன்று மாதத்துக்குள் விசாவுக்குப் போட்டுவிட வேண்டும். வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு எழுத வேண்டும். எட்டு மாதத்துக்குள் இங்குள்ள நர்ஸிங் கவுன்சிலான என்.எம்.சி.யில் பதிவு முடிய வேண்டும்.

ஆஃபர் லெட்டரோடு ஓர் அக்ரிமென்ட் வரும். 'இத்தனை வருஷத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும்' என்ற வரி அதில் அநேகமாக இருக்கும். அதைப் பார்த்ததும் பயந்துவிடாதே. டிக்கெட், ஆஸ்கி கட்டணம், முதல் மாத வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் தொகை போட்டு, மாதம் போகப் போக அது குறையும் என்றிருந்தால் கையெழுத்துப் போடலாம். மொத்தமாக ஒரு தொகை மட்டும் போட்டிருந்தால் கணக்கு கேள். சி.ஓ.எஸ். கட்டணத்தையும் அதில் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல். கேட்டால் வேலை போய்விடுமோ என்று நம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். வந்த பிறகு கேட்பதுதான் கடினம்; விசா அந்த ஆஸ்பத்திரியோடு கட்டப்பட்டது. வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் தருவார்கள். பேச வேண்டியதையெல்லாம் வருவதற்கு முன்பே பேசிவிடு.

அமெரிக்காவைப் பற்றியும் கேட்டிருந்தாய். அங்குள்ள நர்ஸ் தேர்வான என்கிளெக்ஸ் பாஸ் செய்தவர்களுக்கு ஆஸ்பத்திரியே கிரீன் கார்டுக்கு மனுப் போடும். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி.-3 என்ற அந்த கிரீன் கார்டு வரிசை பத்து வருஷத்துக்கும் மேல் போகிறது. அதை நம்பிக் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதே. ஜெர்மனி உனக்குப் பொருந்தலாம். முழு நர்ஸாக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி-2 அளவு ஜெர்மன் வேண்டும்; அதுவரை உதவியாளர் சம்பளம்தான். உனக்கு மொழி சீக்கிரம் வரும், யோசித்துப் பார். கிண்டியில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது; 1978-லிருந்து நடக்கிறது. ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய் விசாரி.

அந்த கன்சல்டன்சிக்காரரிடம் இரண்டே கேள்வி கேள்: ஆஸ்பத்திரியின் பெயர் என்ன, சி.ஓ.எஸ்.ஸில் என்ன குறியீடு போடுவார்கள்? வரும் பதிலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. அந்தப் பெயர் ஸ்பான்சர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் ஒரிஜினலாகக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அக்கா