எந்த ஆன்டிபாடியை நம்புவது?

கேள்வி: ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27ஆம் லைசினில் மூன்று மெத்தில் ஏறியிருப்பதைக் காட்டும் என்று இரண்டு ஆன்டிபாடிகள் வாங்கினோம். ஒரே செல்லில் இரண்டும் வெவ்வேறு முடிவு தருகின்றன. ஏன்?
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: இரண்டில் ஒன்று 9ஆம் லைசினையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். எச்3-இன் வாலில் இந்த இரு லைசின்களுக்கும் அக்கம்பக்கம் ஒன்றுதான்: முன்னால் அலனின், ஆர்ஜினின், பின்னால் செரின். ஆன்டிபாடி தயாரிக்க முயலுக்குச் செலுத்தும் பெப்டைடோ சிறியது. ஆள்மாறாட்டத்துக்கு இது போதும்.

பக்கத்துச் செரினில் பாஸ்பேட் ஏறினாலும் சிக்கல். செல் பிரியும்போது இது நடக்கும். மெத்தில் குறி இருந்தும் ஆன்டிபாடி ஒட்டாமல் போகலாம். சிக்னல் குறைந்ததுமே குறி குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

2011இல் வெளியான ஓர் ஆய்வு 200க்கு மேற்பட்ட ஹிஸ்டோன் ஆன்டிபாடிகளைச் சோதித்தது. கால்வாசிக்கும் மேல் தேறவில்லை. ஆகவே லேபிளை மட்டும் நம்ப வேண்டாம்.

மெத்தில் இல்லாதது, ஒன்று, இரண்டு, மூன்று ஏறியது, கூடவே 9ஆம் லைசினில் மூன்று ஏறியது என்று பெப்டைடுகளை மெம்பரேனில் புள்ளியாக வைத்து இரண்டு ஆன்டிபாடிகளையும் ஓட்டுங்கள். 27ஆம் லைசினில் மூன்று ஏறிய புள்ளி மட்டும் தெரிய வேண்டும். பிறகு, இந்த மெத்திலை ஏற்றும் இஇசட்எச்2 நொதியைச் சில நாள் மருந்தால் தடுத்த செல்லில் வெஸ்டர்ன் பிளாட் செய்யுங்கள். 17 கிலோடால்டன் அருகே உள்ள பட்டை மங்க வேண்டும். மங்காவிட்டால் அந்த ஆன்டிபாடியை ஒதுக்குங்கள். பாலிகுளோனல் என்றால், லாட் மாறும்போதெல்லாம் இந்தச் சோதனையை மறுபடி செய்வது நல்லது.