வழவழப்பும் சொரசொரப்பும்

வழவழப்பான பொருளைக் கண்டால் நம் கண் மகிழ்கின்றது. கையும் அதனைத் தடவ விரும்புகின்றது. சொரசொரப்பான பொருளையோ நாம் குறையுடையதெனக் கருதி ஒதுக்குகின்றோம். ஆயினும், நாம் தரையில் நடப்பதும், ஓரிடத்தில் ஊன்றி நிற்பதும், எழுதுகோலைப் பற்றி எழுதுவதும் உராய்வின் துணையின்றி நிகழா. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இரு பொருள்களுள் ஒன்று வழுக்கி நகர முற்படும்பொழுது, அந்நகர்ச்சியைத் தடுக்கும் விசையே உராய்வு எனப்படும். இவ்வுராய்வு நமக்கு நண்பனா, பகைவனா? இவ்வினாவிற்கு இராமநாதபுரக் கடற்கரையிலேயே விடை காணலாம்.

இக்கடற்கரையில் பனைமரங்கள் மிகுதி. பனையேறும் தொழிலாளர் தம் கால்களில் தளைநார் எனப்படும் வளையத்தை மாட்டிக்கொண்டு மரம் ஏறுவர். பனையின் தண்டு சொரசொரப்பானது, நாரும் அத்தகையதே. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் ஏறுபவரின் உடல் மரத்தில் நிலைபெறுகின்றது. மழையில் நனைந்த தண்டிலோ அப்பிடிப்புக் குறைகின்றது. அந்நேரத்தில் கால் வழுக்கினால் உயிருக்கே இடையூறு நேரும்.

இராமேசுவரம் திருக்கோயிலுள் 22 தீர்த்தங்கள் உள்ளன. அவற்றில் நீராடி, ஈர உடையுடன் செல்லும் அடியவர்களால் கற்றளம் நனைந்துகொண்டே இருக்கும். பலர் கால்பட்டுத் தேய்ந்த கல்லின்மீது நீர்ப்படலம் படிந்துவிட்டால், அது பாதத்திற்கும் கல்லுக்கும் இடையே புகுந்து இரண்டையும் பிரித்துவிடுகின்றது. ஆதலின், அங்கு விரல்களை ஊன்றி மெல்ல நடப்பதே அறிவுடைமை.

அண்மையிலுள்ள பாம்பன் கடலிலோ உராய்வின் இரு முகங்களையும் ஓரிடத்தில் காணலாம். 1914 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24 ஆம் நாள் திறக்கப்பெற்ற பழைய இரயிற்பாலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுடையது. கப்பல்களுக்கு வழிவிடுமாறு அதன் இடையில் இரு சிறகுகள் அமைந்திருந்தன. பணியாளர்கள் தம் கைவலிமையால் பொறியை இயக்கி அவற்றை உயர்த்துவர். சுழலும் பல்சக்கரங்களுக்கு மசகு இன்றியமையாதது. அங்கே உராய்வு பகைவனே. ஆனால் எஞ்சினின் சக்கரமோ தண்டவாளத்தைப் பற்றினாலன்றி இரயிலை இழுக்க இயலாது. அங்கே உராய்வு நண்பனாகும். ஈரமான தண்டவாளத்தில் சக்கரம் நகராது வீணே சுழலுமாயின், எஞ்சினிலுள்ள மணற்பெட்டியிலிருந்து மணலைத் தூவிப் பிடிப்பை உண்டாக்குவர். 2022 ஆம் ஆண்டு டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஆம் ஆண்டு ஏப்ரல் 6 ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பெற்றது. பாலம் மாறிற்று, உராய்வின் இயல்பு மாறவில்லை.

வழுக்கலும் பிடிப்பும் ஒருங்கே தேவைப்படும் விளையாட்டு ஒன்று உண்டு. அது பௌலிங் எனப்படும் உருட்டுப்பந்து ஆட்டமாகும். 1978 ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இதுவும் இடம்பெற்றது. சென்னை முதலிய நகரங்களில் இதற்கெனக் கூடங்கள் உள்ளன. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஷபீர் தன்கோட் இவ்வாட்டத்தில் தேசிய வாகை சூடியவர்.

இவ்வாட்டத்திற்குரிய தடம் ஏறத்தாழ மூன்றரை அடி அகலமுடையது. ஆடுவோர் நிற்கும் எல்லைக்கோட்டிலிருந்து 60 அடி தொலைவில், முக்கோண வடிவில் பத்துக் குற்றிகள் நிறுத்தப்பட்டிருக்கும். பந்தின் எடை 16 பவுண்டுக்கு மேற்படலாகாது. பந்தை உருட்டிக் குற்றிகளை வீழ்த்துவதே ஆட்டம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வாட்டத்தின் நுட்பம், கண்ணுக்குப் புலனாகாத ஒன்றில் அடங்கியுள்ளது. அதுவே தடத்தின்மீது பூசப்படும் எண்ணெய்.

தடம் தேயாதிருத்தற்பொருட்டு அதன் முற்பகுதியில், பெரும்பாலும் 40 அடி அளவிற்கு, மிக மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பரப்புவர். எஞ்சிய பகுதி உலர்ந்திருக்கும். தேர்ந்த ஆட்டக்காரர் பந்தைப் பக்கவாட்டிற் சுழலுமாறு விடுவர். எண்ணெயின்மீது பந்து வழுக்கிச் செல்லும். உலர்ந்த பகுதியை அடைந்ததும் தளத்தைப் பற்றி வளையும். பின்னர் உருண்டு குற்றிகளைத் தாக்கும். நேராகச் செல்லும் பந்தைவிடச் சற்றே வளைந்து, சாய்வாக நுழையும் பந்தே பத்துக் குற்றிகளையும் ஒருங்கே வீழ்த்தும் வாய்ப்பு மிகுதியாக உடையது.

எண்ணெய் மிகுதியாகப் பூசப்பட்ட தடத்தில் என்ன நிகழும்? பளபளப்பான பந்து அப்படலத்தின்மீது மிதப்பதுபோல் வழுக்கிச் செல்லும். அது எவ்வளவு சுழன்றாலும் தளத்தைப் பற்றாது. வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் குறி தவறிவிடும். கையின் வலிமையைக் கூட்டுவதால் பயனில்லை. விரைந்து எறிந்தால் பந்து பற்றுதற்குரிய காலம் இன்னும் குறையும்.

இந்நிலையில் ஆட்டக்காரர் பந்தின் மேற்பரப்பையே மாற்றுகின்றனர். உப்புத்தாள் போன்ற தேய்ப்பு அட்டைகளால் பந்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவர். அவ்வட்டைகளின் தரத்தை எண்களால் குறிப்பர். 500 என்னும் எண்ணுடையது பருமையானது; 4000 என்னும் எண்ணுடையது மிக நுண்ணியது. எண் குறையக் குறையச் சொரசொரப்பு மிகும். பந்தைச் சுழலும் பொறியில் வைத்து, நீர் தெளித்து, எல்லாப் பக்கங்களிலும் ஒரே அளவு நேரம் தேய்த்தல் வேண்டும். ஒரு பக்கம் மிகுதியாகவும் மற்றொரு பக்கம் குறைவாகவும் தேய்ந்தால் பந்து ஒரு சீராகப் பற்றாது. தேய்ப்பினால் பந்தின்மேல் நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் உண்டாகின்றன. மேடுகள் எண்ணெய்ப் படலத்தை ஊடுருவித் தளத்தைத் தொடுகின்றன. எண்ணெய் பள்ளங்களில் ஒதுங்குகின்றது. மழைக்காலச் சாலையில் வண்டிச் சக்கரத்தின் வரிப்பள்ளங்கள் நீருக்கு வழிவிடுவதையும் இங்கு ஒப்பிட்டு அறியலாம்.

இச்சொரசொரப்பு நிலைத்திருப்பதன்று. ஆட ஆட, பந்து தடத்தில் உராய்ந்து மீண்டும் வழவழப்பாகும். எண்ணெயும் அதன் நுண்துளைகளில் ஊறும். நம் இல்லத்து அம்மியும் இவ்வாறே அரைத்து அரைத்து வழவழப்பாகின்றது. அப்பொழுது மிளகாய் அரைபடாது கல்லின்மேல் நழுவும். உளி கொண்டு அம்மியைக் கொத்திய பின்னரே அது பழைய நிலையை அடையும். அம்மிக்குக் கொத்துதல் எவ்வாறோ, பந்துக்குத் தேய்த்தலும் அவ்வாறே. ஒவ்வோர் எறிதலுக்குப் பின்னும் எண்ணெயைத் துணியால் துடைத்தலும் வேண்டும். ஆனால் போட்டி தொடங்கிய பின்னர், ஆட்டத்தினிடையே தேய்ப்பு அட்டையைப் பயன்படுத்த விதிகள் இடந்தருவதில்லை. எனவே, பயிற்சி வேளையிலேயே தடத்தின் தன்மையை ஆராய்ந்து முடிவு செய்தல் இன்றியமையாதது.

சொரசொரப்பே எப்பொழுதும் நன்மை தரும் என எண்ணுதலும் தவறாகும். எண்ணெய் குறைந்த தடத்தில் மிகச் சொரசொரப்பான பந்தை உருட்டினால், அது தொடக்கத்திலேயே தளத்தைப் பற்றிக்கொள்ளும். முன்னதாகவே வளைந்து, தன் ஆற்றலை வழியிலேயே இழக்கும். குற்றிகளை அடையும்பொழுது தளர்ந்திருக்கும். அங்கே பளபளப்பான பந்தே ஏற்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்னும் பழமொழி உராய்வுக்கும் பொருந்தும்.

ஆகவே, வழவழப்பு உயர்ந்தது, சொரசொரப்புத் தாழ்ந்தது என்றோ, சொரசொரப்பே சிறந்தது என்றோ பொதுப்படக் கூறுதல் பொருந்தாது. பல்சக்கரத்திற்கு மசகும் தண்டவாளத்திற்கு மணலும் தேவை. பனையேறுவோரும் பாலத்துப் பணியாளரும் பந்தாடுவோரும் முதலில் காண்பது, தம் கருவி எதனைத் தொடப்போகின்றது என்பதையே. அதனை அறிந்து கருவியைப் பதப்படுத்துவோர் வெற்றி பெறுவர். அறியாதார் தம் வலிமையையெல்லாம் செலவிட்டும் வழுக்குவர்.

வினாக்கள்

1. உராய்வு என்றால் என்ன?
2. பாம்பன் பாலத்தில் உராய்வு எங்கே நண்பனாகவும் எங்கே பகைவனாகவும் விளங்கிற்று?
3. எண்ணெய் மிகுந்த தடத்தில் பளபளப்பான பந்து குறி தவறுவது ஏன்?
4. அம்மி கொத்துதலையும் பந்து தேய்த்தலையும் ஒப்பிட்டு எழுதுக.
5. உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் உங்கள் ஊரில் மக்கள் கையாளும் முறைகளைக் கண்டறிந்து ஒரு கட்டுரை வரைக.